குடிமையியலில் தேர்ச்சி: மண்டபத்திலிருந்து ஒரு வாசிப்பு

நம் நண்பர்கள் மத்தியில் ஒரு கோரிக்கை அடிக்கடி எழுகிறது. அரசியலமைப்பைப் பள்ளியில் தனிப்பாடமாக்க வேண்டும். அதில் தேறாதவர்களுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் தரக்கூடாது. இதைச் சொல்பவர்கள் எதிரணிக்காரர்கள் அல்ல. கூட்டங்களில் நம்மோடு பாய் விரித்து உட்கார்ந்தவர்கள், நம்மோடு தடியடி பட்டவர்கள். 'பிள்ளைகளுக்குத் தன்னோட உரிமை தெரியணும்ல தோழர்' என்று அவர்கள் கேட்கும்போது மறுத்துப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்றாலும் உரிமையை அறிவதும் உரிமைப் பாடத்தில் தேர்ச்சி பெறுவதும் ஒன்றல்ல. அந்த இடைவெளியில் யார் விழுகிறார்கள் என்பதை இராமநாதபுரக் கடற்கரையில் நின்று பார்க்கலாம்.

முதலில் நடைமுறை. தமிழ்நாட்டில் குடிமையியலுக்குத் தனித்தேர்வு கிடையாது. வரலாறு, புவியியல், பொருளியலோடு அதுவும் சேர்ந்து சமூக அறிவியல் என்ற ஒரே தாள். நூறு மதிப்பெண், முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. குடிமையியல் பக்கத்தைப் புரட்டாமலே ஒருவர் தேறிவிட முடியும். நண்பர்களின் ஆதங்கம் இங்கிருந்துதான் வருகிறது. அவர்கள் கேட்கிற மாதிரியைச் செய்துகாட்டிய நாடும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2015இல் ஒரு சட்டம் போட்டது. குடியுரிமை கேட்டு வரும் அந்நியர்களிடம் கேட்பதற்காகத் தொகுக்கப்பட்ட நூறு கேள்விகளை உள்ளூர்ப் பிள்ளைகளிடமும் கேள். அறுபதுக்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் பள்ளிப் படிப்பு முடிந்ததாகக் கொள். வேறு பல மாநிலங்களும் இதே வழியில் போயின. அந்நியனைக் குடிமகனாக்குவதற்கான வினாத்தாள் குடிமகனின் பிள்ளையிடம் நீட்டப்படுகிறது. நம் கரையில் நடப்பது இதற்கு நேர் எதிர். இங்கே குடிமகனுக்கான வினாத்தாள் அந்நியர் என்று பதிவு செய்யப்பட்ட பிள்ளையிடம் நீட்டப்படுகிறது. அந்தப் பிள்ளையும் தேர்ச்சி பெறுகிறது.

2023-24 கல்வியாண்டில் மண்டபம் முகாமுக்கு வெளியே ஒரு நண்பரின் வீட்டுத் திண்ணையில் மாலைநேரம் பாடம் சொல்லிக்கொடுத்தேன். முகாமுக்குள் வெளியாட்கள் நினைத்தபோது போய்வர முடியாது. அதனால் பிள்ளைகள்தான் வெளியே வருவார்கள். எனக்குத் தமிழ்தான் பாடம். ஆனால் தமிழ் எம்.ஏ. என்றால் எல்லாமே தெரியும் என்று ஊர் நினைக்கிறது. அப்படித்தான் குடிமையியலும் என் தலையில் விழுந்தது. இந்திய அரசியலமைப்பு என்ற அலகில் குடியுரிமை வருகிறது. குடியுரிமை பெற ஐந்து வழிகள்: பிறப்பால், வம்சாவளியால், பதிவின் மூலம், இயல்புரிமையால், பிரதேச இணைப்பால். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதை ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். அன்றைக்கு ஒரு பெண் ஒப்பித்து முடித்ததும் நோட்டை மூடாமல் கேட்டாள்.

'சார், இதுல நாங்க எதுல வருவோம்?'

'நீ எங்கம்மா பொறந்த?'

'ராம்நாடு பெரியாஸ்பத்திரில.'

'அப்ப பிறப்பால்...' என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன்.

பரீட்சைக்கு அந்த ஐந்து தலைப்புகள் போதும். வாழ்க்கைக்குப் போதாது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் 'பிறப்பால்' என்ற வழி தொடக்கத்தில் அகலமாகத்தான் இருந்தது. 1950 ஜனவரி 26 முதல் இந்த மண்ணில் பிறந்தவர் அனைவரும், சில விலக்குகள் நீங்கலாக, குடிமக்கள். 1987 ஜூலை 1 முதல் அது சுருங்கியது: பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் மேலும் சுருங்கியது: இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராக இருந்து மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராக இருக்க வேண்டும். உரிய கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. இந்தப் பெண்ணின் அம்மா உச்சிப்புளிப் பக்கத்துக்காரர், இந்தியர். அப்பா 2006இல் மீண்டும் போர் மூண்டபோது படகேறி வந்தவர். குண்டுவீச்சுக்கு நடுவில் படகைப் பிடித்தவர் கடவுச்சீட்டு அலுவலகத்தில் வரிசையில் நின்றிருக்க முடியாது. மகள் பிறந்தது 2008. கணக்குப் போட்டுப் பாருங்கள். பதிவு, இயல்புரிமை ஆகிய மற்ற வழிகளும் சட்டவிரோதக் குடியேறிக்குச் சாத்தப்பட்டவைதான்.

திண்ணைக்கு வந்து மகளைக் கூட்டிப்போன அம்மா என்னிடம் சொன்னார்: 'தம்பி, அதையெல்லாம் சொல்லி அவளைக் குழப்பாதீங்க. புக்குல என்ன இருக்கோ அதை எழுதட்டும். மார்க் வரட்டும்.'

அம்மா சொன்னதுதான் தேர்வு என்கிற நிறுவனத்தைப் பற்றிய மிகச் சரியான விமர்சனம். 'இந்தியாவில் பிறப்பதால் ஒருவர் குடியுரிமை பெறுகிறார்' என்று எழுதினால் மதிப்பெண். 'இந்தியாவில் பிறந்தும் நான் குடிமகள் இல்லை' என்று எழுதினால், அது சட்டப்படி துல்லியமான விடையாக இருந்தும், விடைக்குறிப்பில் இல்லை. தேர்ச்சி பெறுவதற்கு அந்தப் பெண் தன்னைத் தன் விடையிலிருந்து அழித்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தை அரசின் தலையாய கருத்தியல் கருவி என்று அல்தூசர் எழுதியபோது, கருத்தியல் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விளித்துத் தன்னிலையாக்குகிறது என்றார். இங்கே விளிப்பு நடக்கிறது, பிள்ளை திரும்பியும் பார்க்கிறது. 'உன்னைக் கூப்பிடல, பதில மட்டும் சொல்லிட்டுப் போ' என்கிறது அரசு. இப்படி ஒரு நிலைமையை அல்தூசர் யோசித்ததாகத் தெரியவில்லை.

பாடநூலை ஒரு பிரதியாக வாசித்தால் இது மொழியிலேயே பிடிபடும். குடிமையியல் பாடம் பேசுகிற தன்மை இடம் 'நாம்'. நமது நாடு, நமது அரசியலமைப்பு. முகப்புரையின் தமிழாக்கமும் 'நாம்' என்பதையே தேர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் 'நாம்' என்பது கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்வது. இலக்கணம் அதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்கிறது. 'நாங்கள்' கேட்பவரை வெளியே நிறுத்துவது. பாடநூல் அந்தப் பெண்ணிடம் 'நாம்' என்றது. அவள் திருப்பிக் கேட்டது 'நாங்க'. அவளுக்கு யாரும் இலக்கணம் சொல்லித்தரவில்லை. தன் இடம் எது என்பதைச் சொல்லின் ஓரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். விடைத்தாளில் மட்டும் மறுபடி 'நாம்' என்று எழுதியிருப்பாள்.

'குடிமை' என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். திருக்குறளில் குடிமை என்றொரு அதிகாரம் இருக்கிறது. அது பேசுவது நற்குடிப் பிறப்பைப் பற்றி. தென்மாவட்டக் கிராமங்களில் 'குடிமகன்' என்றால் முடிதிருத்துபவர். ஊருக்கு ஊழியம் செய்யக் கடமைப்பட்ட சாதிகளுக்குக் 'குடிமக்கள்' என்று பேர். சேதுபதி ஜமீனின் வரிக்கணக்கில் குடி என்பவன் மேல்வாரம் அளந்துவிட்டு மிஞ்சிய குடிவாரத்தைக் கொண்டுபோகிறவன். (டாஸ்மாக் வாசலில் இந்தச் சொல் படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை.) ஆக, நவீனக் குடியாட்சிக்கு நாம் எடுத்துக்கொண்ட இந்தச் சொல்லுக்குள் பிறப்பு இருக்கிறது, ஊழியம் இருக்கிறது, வாரம் அளப்பது இருக்கிறது. உரிமை என்பது பின்னால் வந்து ஒட்டியது. பிறப்பை வைத்தே குடியைத் தீர்மானிக்கிற போக்கு 1987க்குப் பிறகு சட்டத்துக்குள்ளும் இறுகியதைப் பார்க்கும்போது, பழைய பொருள் சாகவில்லை என்று தோன்றுகிறது.

மண்டபத்துக்குச் சோதனை புதிதல்ல. ஊரின் ரயில் நிலையத்துக்கே மண்டபம் கேம்ப் என்று பெயர். இந்தக் கேம்ப் அகதிகளுக்காக உண்டானது அல்ல. 1914இல் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கி, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போன காலத்தில், சிலோன் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நிறுத்திவைத்து நோய் உண்டா என்று பார்த்த இடம் இது. காலரா இல்லை, பிளேக் இல்லை என்றால் கப்பல் ஏறலாம். பிறகு 1948இல் சிலோன் குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பனோ பாட்டனோ இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்று அது கேட்டபோது, இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் தலைகளைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, சிலோனுக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி. தாயகம் திரும்பியோர் என்ற பெயரோடு அவர்கள் மறுபடி வந்து இறங்கியது இதே மண்டபத்தில். இந்த முறை காகிதச் சோதனை. 1983க்குப் பிறகு அகதிகள். 2022இல் இலங்கைப் பொருளாதாரம் குப்புற விழுந்தபோது அரிச்சல்முனைப் பக்கம் இறங்கியவர்களும் இங்கேதான் கொண்டுவரப்பட்டார்கள். 'செக்கிங்' நாளன்று ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பணக்கொடைக்குச் சிக்கல். தேர்வு என்பது கண்காணிப்பும் தரப்படுத்தலும் ஒன்றுசேரும் சடங்கு, ஒவ்வொரு ஆளையும் ஒரு கோப்பாக மாற்றுவது என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். மண்டபத்துக்காரருக்கு இது புதுச் செய்தி அல்ல. கூலியின் நாக்கை நீட்டச் சொன்ன கையும், தாயகம் திரும்பியவரின் அட்டையைப் புரட்டிய கையும், செக்கிங்கில் தலை எண்ணுகிற கையும் ஒரே கைதான். அதே கை வினாத்தாளையும் நீட்டுகிறது. இந்த எல்லாச் சோதனைகளிலும் கேள்வி கேட்பது ஒரு பக்கம், பதில் சொல்வது மறுபக்கம். பக்கம் மாறியதே இல்லை.

இதற்கு நண்பர்கள் சொல்லக்கூடிய மறுப்பு தெரியும். முகாம் ஒரு விதிவிலக்கு, விதிவிலக்கை வைத்துப் பொதுவிதியை எதிர்க்கலாமா? தமிழ்நாடு முழுக்க நூறுக்கு மேற்பட்ட முகாம்களில் 2021 கணக்குப்படி சுமார் 58,000 பேர் இருந்தார்கள். அது சின்ன எண்ணிக்கை என்றே வைத்துக்கொள்வோம். குடிமக்களுக்கே இந்தத் தேர்ச்சி என்ன செய்யும்?

இந்தக் குடியரசு பரீட்சை வைத்துப் பிறந்தது அல்ல. 1935 சட்டத்தின் கீழ் வாக்குரிமைக்குச் சொத்து, வரி, எழுத்தறிவு என்று தகுதிகள் இருந்தன. அம்பேத்கர் 1928இல் சைமன் குழுவின் முன் வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை கேட்டார். எழுத்தறியாமையைக் காரணம் காட்டி வாக்கை மறுப்பதை அவர் ஏற்கவில்லை. எழுத்தறிவைத் தராமல் வைத்திருந்தது யாரோ, அவர்களே அது இல்லை என்று கதவைச் சாத்துவது என்ன நியாயம்? 1951-52 பொதுத்தேர்தலில் வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் கைநாட்டுகள். 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 18 விழுக்காடுதான். அவர்களை வைத்துத்தான் இந்த நாடு நடந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பர்கள் வாக்காளராகப் பதிய அரசியலமைப்புப் பிரிவுகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. விளக்கம் சரியா என்று முடிவு செய்தவர் வெள்ளைப் பதிவாளர். 1965 வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அந்தப் பரீட்சையில் யார் 'தேறினார்கள்' என்பது ஊரறிந்த கதை.

நாம் 1950இல் மூடிய கதவு பிறகு பின்பக்கமாகத் திறந்தது. ராஜஸ்தான் 2014 டிசம்பரில் உள்ளாட்சி வேட்பாளர்களுக்குக் கல்வித்தகுதி விதித்தது. ஹரியானா 2015இல் விதித்தது. பொதுப்பிரிவு ஆண் என்றால் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, பெண்களுக்கும் தலித்துகளுக்கும் சில படிகள் கீழே. ராஜ்பாலா வழக்கில் 2015 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் அது செல்லும் என்றது. நல்லது கெட்டது பகுத்தறியும் ஆற்றலைத் தருவது கல்வியே என்பது நீதிமன்றத்தின் வாதம். ராஜஸ்தான் 2019இல் அதைக் கைவிட்டது, தீர்ப்பு நிற்கிறது.

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துக்கு அந்த நீதிபதிகளைக் கூட்டிவந்திருக்கலாம். கடல்பாசி எடுக்கிற பெண்கள், பெரும்பாலும் பள்ளியை எட்டிப் பார்த்ததோடு நின்றவர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவான பிறகு, தலைமுறையாகப் போய்வந்த தீவே அவர்களுக்குக் குற்ற இடமாகிப் போனது. வனத்துறையோடு மல்லுக்கட்டிக்கொண்டே அவர்கள் தங்களுக்குள் ஒரு விதி செய்துகொண்டார்கள்: மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசிக்குப் போவது, மற்ற நாள் கடல் வளர விடுவது. கூடிப் பேசி, சண்டை போட்டு, ஒப்புக்கொண்டு, மீறினால் கேட்பது. இதற்குப் பேர் குடிமை இல்லையென்றால் வேறெதற்கு? ஹரியானாவில் பிறந்திருந்தால் இவர்களில் பலர் பஞ்சாயத்து உறுப்பினர் பதவிக்கு மனுப் போட முடியாது. 'பத்தாவதுல கட்டாயம் தேறணும்' என்ற கோரிக்கை நல்லெண்ணத்தோடு தொடங்கி எங்கே போய் முடியும் என்பதற்கு இது போதும். தேர்ச்சி என்று ஒன்றை நட்டுவைத்தால் அது வகுப்பறையோடு நிற்காது. வெளியே வந்து வேட்புமனு மேசையில் உட்காரும், நாளைக்கு வாக்குச்சாவடி வாசலிலும் உட்காரும். (கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் பத்தாம் வகுப்புத் தேர்வே நடக்கவில்லை, எல்லோரும் தேர்ச்சி. அந்தப் பிள்ளைகளிடம் குடிமை குறைந்துபோனதாக இதுவரை யாரும் புகார் சொல்லவில்லை.)

என் வாதத்துக்கு எதிராக நானே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண் 'நாங்க எதுல வருவோம்' என்று கேட்டதே பாடத்தில் அந்த ஐந்து வழிகள் இருந்ததால்தான். பாடத்தை எடுத்துவிட்டால் கேள்வியும் போய்விடும். இதே மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலைக்கு முன் பிறந்ததால் தான் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள் என்று வாதாடினார். கடவுச்சீட்டு மறுக்கப்பட்டபோது மதுரைக் கிளைக்குப் போனார். 2022இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அவருக்கு உதவியது எந்தத் தேர்ச்சிச் சான்றும் அல்ல. ஒரு சட்டப்பிரிவு, ஒரு தேதி, ஒரு பிறப்புச் சான்றிதழ், துணைக்கு ஒரு வழக்கறிஞர். ஆகவே அறிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடியுரிமைச் சட்டத்தைத் தேதிகளோடு, வெட்டுக்களோடு, யாரை வெளியே தள்ளுகிறது என்பதோடு சொல்லிக்கொடுங்கள் என்கிறேன். அப்படிச் சொல்லிக்கொடுத்தால் அதற்கு விடைக்குறிப்பு தயாரிப்பது கஷ்டம். தேர்ச்சி கட்டாயம் என்று வந்துவிட்டால் விடைக்குறிப்புக்கு அடங்காத எதுவும் பாடத்தில் மிஞ்சாது. கைடுதான் மிஞ்சும்.

2024இல் நடந்த மூன்று விஷயங்களைத் தேதிவாரியாக வைக்கிறேன். மார்ச் 11 அன்று, 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கான விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த, முஸ்லிம் அல்லாத ஆறு சமயத்தாருக்கு வழி; இலங்கை பட்டியலில் இல்லை. எங்கள் திண்ணையில் அப்போது திருப்புதல் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 8 அன்று சமூக அறிவியல் தேர்வு. அந்தப் பெண் எழுதினாள். ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தல். 1986இல் பிறந்த அந்தப் பெண்மணி திருச்சியில் முதன்முறையாக வாக்களித்தார். முப்பத்தெட்டு வயதில். மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்தபோது இராமநாதபுரம் மாவட்டம் 96 விழுக்காட்டுக்கு மேல் தேர்ச்சியோடு மாநிலத்தில் மூன்றாம் இடம். பத்திரிகைகள் பெருமைப்பட்டுக்கொண்டன. அந்த விழுக்காட்டுக்குள் நம் பெண்ணும் உண்டு. 2026இல் அவளுக்குப் பதினெட்டு. வாக்காளர் பட்டியல் அவளை எண்ணாது.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு. குற்றவாளி இல்லை என்றது. குடிமகன் என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் அப்பாவுக்குச் சந்தோஷம்தான், மறுக்க முடியாது. இரவில் கதவு தட்டப்பட்டால் கொஞ்சம் நிதானமாக எழுந்து போகலாம் என்றார்.

பத்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழ் வாங்கினார்கள். அதில் நாட்டினம் என்று ஒரு கட்டம். எழுத்தர் நல்ல மனிதர். பேனாவை எடுத்துக்கொண்டு, 'இதுல என்னம்மா போட?' என்று கேட்டிருக்கிறார். முன் இருந்த பதிவேட்டைப் பார்த்து அவரே 'இலங்கைத் தமிழர்' என்று எழுதிவிட்டார். மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் முகாம் அட்டை இருக்கிற அதே பிளாஸ்டிக் உறையில் அம்மா போட்டு வைத்திருக்கிறார். சமூக அறிவியலில் எண்பத்தெட்டு.

அவளுடைய தம்பி இப்போது எட்டாம் வகுப்பு. புத்தகத்தின் குடிமையியல் பகுதியில் ஓர் அலகு முழுக்கக் குடிமக்களும் குடியுரிமையும் பற்றியது. போன வாரம் திண்ணைக்கு வந்து, அக்காவின் பழைய நோட்டு கிடைக்குமா என்று கேட்டான்.